இறக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

நீலகிரிக்குப் பேட்டரி பஸ் வந்தால் நல்லதா என்று குன்னூர் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "புகையே வராதுங்க, அப்புறம் என்ன யோசனை?" என்பார் ஒருவர். "கரண்ட் எங்கிருந்து வருது? நிலக்கரியை எரிச்சுத்தானே?" என்பார் பக்கத்தில் இருப்பவர். மூன்றாவது ஒருவர் குந்தா பவர் ஹவுஸைக் கை காட்டி, "நம்ம ஊரு கரண்ட் தண்ணியில வர்றது" என்று முடித்துவிடுவார். மூவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே தங்களுக்கு வசதியான இடத்தில் கணக்கை நிறுத்திக்கொள்கிறார்கள்.

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு எரிசக்திக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு கிலோ தேயிலைக்கு எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை கிலோ விறகு, இலை லாரிக்கு எவ்வளவு டீசல் என்று எழுதிக்கொண்டே இருப்பதால், வண்டி எரிபொருளைப் பற்றி யார் பேசினாலும் "எங்கிருந்து எங்கே வரைக்கும்?" என்ற கேள்வி எனக்கு முதலில் வந்துவிடும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். சமவெளிக்காரர்கள் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாத ஒரு விஷயம் மலையில் இருக்கிறது. ஏறிய வண்டி இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதில் முடிவே தலைகீழாக மாறுகிறது.

முதலில் ஒரு லிட்டர் டீசலின் பயணம். ஊட்டி பங்கில் நாம் போடும் டீசலில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கச்சா எண்ணெயில் இருந்து வந்தது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறது. வளைகுடா நாட்டுக் கிணற்றில் இருந்து எடுத்த எண்ணெய் கப்பலில் கொச்சிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலையில் அது பெட்ரோலாகவும் டீசலாகவும் பிரிகிறது. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பூமிக்கு அடியில் ஓடும் குழாய் கோவை இருகூர் வரை கொண்டுவந்து சேர்க்கிறது. இருகூரில் டேங்கர் லாரியில் ஏறி, மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு, பர்லியாறு, குன்னூர் என்று வளைந்து வளைந்து மேலே வருகிறது.

இதில் எந்தக் கட்டத்தில் அதிகச் செலவு? மலைக்காரர்கள் எல்லோரும் "இந்த ஏற்றத்தில்தான்" என்று நினைப்பார்கள். டேங்கர் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுவதைத் தினமும் பார்ப்பவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 12,000 லிட்டர் ஏற்றிய டேங்கர் இருகூரில் இருந்து ஊட்டி வந்து காலியாகத் திரும்ப 60 லிட்டர் டீசல் ஆகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்த சரக்கில் அது அரை சதவீதம். கிணற்றில் இருந்து எடுப்பது, கப்பல், சுத்திகரிப்பு, விநியோகம் எல்லாம் சேர்ந்த முன்செலவோ இதைப் போல் பல மடங்கு. ஐரோப்பியக் கணக்குகளின்படி ஒரு மெகாஜூல் ஆற்றல் தரும் டீசலை எரித்தால் 73 கிராம் கரியமில வாயு வருகிறது. அந்த டீசல் பங்க் வரை வந்து சேர்வதற்குள்ளேயே இன்னொரு 19 கிராம் போய்விட்டிருக்கிறது. மொத்தம் 92. அந்த 19-இல் பெரும்பகுதி எண்ணெய்க் கிணற்றிலும் ஆலை உலையிலும் போனது. நம் கண்ணுக்குத் தெரியும் புகையும் முனகலும் அதில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பங்கு.

இப்படி ஆதியில் இருந்து அந்தம் வரை கூட்டிப் பார்க்கும் கணக்குக்கு உலகத்தில் அதிகம் பயன்படும் கணினிக் கருவிகளில் ஒன்று கிரீட் (GREET). அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் மைக்கேல் வாங் என்ற ஆய்வாளர் உருவாக்கியதை 1996-இல் முதலில் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். அதன் பழைய வடிவம் ஒரு பெரிய எக்செல் கோப்பு. அதைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும்: சுழற்சிக் கணக்கை அனுமதிக்கும்படி எக்செல்லை மாற்றி வைத்தால்தான் அது ஓடும். காரணம் எளிது. டீசல் எடுக்க கரண்ட் வேண்டும். கரண்டுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரியை ரயிலில் கொண்டுவர டீசல் வேண்டும். அந்த டீசலுக்கு மறுபடியும் கரண்ட். எதை முதலில் எழுதினாலும் அது இன்னொன்றைக் கேட்கும். அதனால் ஒரு குத்துமதிப்பு எண்ணில் தொடங்கி, சுற்றிச் சுற்றிப் போட்டு, எண் அசையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்துகிறார்கள்.

எனக்கு இந்தக் கருவியின் மேல் பெரிய மரியாதை உண்டு. முடிவு சரியாக வருகிறது என்பதற்காக அல்ல. ஒவ்வொரு அனுமானமும் ஒரு கட்டத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது என்பதற்காக. பிடிக்கவில்லையா, அந்தக் கட்டத்தில் உன் எண்ணைப் போட்டுப் பார். கலிபோர்னியா மாநிலம் அப்படித்தான் தன் நிலைமைக்கு ஏற்ற ஒரு வடிவத்தைச் செய்துகொண்டு, எரிபொருள் சட்டத்துக்கே அதை அடிப்படையாக வைத்திருக்கிறது. நீலகிரிக்கும் அப்படி ஒரு கணக்கு போட முடியும். போட்டுத்தான் பார்ப்போமே.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்தில் இருந்து 326 மீட்டர். ஊட்டி நிலையம் 2,203 மீட்டர். கிட்டத்தட்ட 1,875 மீட்டர் ஏற்றம். ஒரு டன் எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு இயற்கை கேட்கும் கட்டணம் 18.4 மெகாஜூல், கரண்ட் பில் கணக்கில் 5.1 யூனிட். இது சாலையைப் பொறுத்ததல்ல, டிரைவரைப் பொறுத்ததல்ல, கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததும் அல்ல. குன்னூர் வழியாக வந்தாலும் கோத்தகிரி வழியாக வந்தாலும் இந்த 5.1 யூனிட்டில் சலுகை கிடையாது. டீசல் இன்ஜின் தான் குடிப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆக ஒரு டன்னை மேலே கொண்டுவர ஒன்றரை லிட்டர் டீசல். இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மலைப் போக்குவரத்தைப் பற்றிப் பாதிக் கேள்விகளுக்கு நின்ற இடத்தில் விடை சொல்லிவிடலாம்.

ஆட்களோடு 12 டன் இருக்கும் ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். உயரத்துக்கு மட்டும் 17, 18 லிட்டர். டயர் உராய்வு, காற்று எதிர்ப்பு இவற்றுக்கு இன்னொரு நாலரை. இறங்கும்போது இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்க இரண்டு மூன்று. போக வர சுமார் 102 கிலோமீட்டருக்கு 25 லிட்டர், அதாவது லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். மலைத்தடத்தில் பஸ் ஓட்டுபவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த மைலேஜை நம்புவார்கள். புகைக்குழாயில் வருவதை மட்டும் பார்த்தால் இது 67 கிலோ கரியமில வாயு. கிணற்றில் இருந்து கணக்கெடுத்தால் 82 கிலோ.

இப்போது அதே எடையில் பேட்டரி பஸ். மோட்டார் தனக்குக் கிடைப்பதில் நூற்றுக்கு 85 பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். ஏறுவதற்கு 91 யூனிட். சார்ஜ் ஏற்றும்போது போவது, கம்பியில் வரும் வழியில் போவது எல்லாம் சேர்த்தால் மின் நிலையத்தில் 115 யூனிட் உற்பத்தி செய்தால்தான் பேட்டரியில் 91 நிற்கும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வருகிறது. மத்திய மின்சார ஆணையம் வருடாவருடம் வெளியிடும் கணக்கு அது. 0.72 என்று வைத்துப் பெருக்கினால் 83 கிலோ.

டீசல் பஸ்ஸுக்கு 82. பேட்டரி பஸ்ஸுக்கு 83. டீக்கடையில் "நிலக்கரிதானே?" என்று கேட்டவர் ஜெயித்துவிட்டார் போலத் தோன்றும். ஆனால் டீசலுக்குப் போக வர இரண்டையும் எழுதிவிட்டு, பேட்டரிக்கு ஏற்றத்தை மட்டும் எழுதியிருக்கிறோம். பஸ் இன்னும் ஊட்டியில்தான் நிற்கிறது. கணக்கு முடியவில்லை.

மேட்டுப்பாளையம் தடத்தில் வெகுகாலம் பஸ் ஓட்டிய ஒரு அண்ணனிடம் டீசல் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: "தம்பி, ஏறும்போது வண்டி டீசலைக் குடிக்கும், இறங்கும்போது பிரேக் லைனிங்கைத் தின்னும். ரெண்டுமே காசுதான்." மலைச்சாலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த வாடை தெரியும். பர்லியாறில் பழக்கடைகளுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டும்போது முன்சக்கரத்தில் இருந்து எழும் கருகல் வாடை. இரண்டாவது கியரில் இறக்குங்கள் என்று போர்டு வைத்திருப்பது அதற்காகத்தான். பழக்கமில்லாத டிரைவர்கள் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, டிரம் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்து நடந்த விபத்துகள் இந்த மலையில் எத்தனையோ. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிக் கேட்டால் மசினகுடியில் ஆளுக்கு ஒரு துயரக் கதை சொல்வார்கள்.

அந்தக் கருகல் வாடை என்ன? ஏறும்போது நாம் காசு கொடுத்து வாங்கி மலை உச்சியில் சேமித்து வைத்த ஆற்றல். உராய்வும் காற்றும் போக, 12 டன் பஸ் இறங்கும்போது 163 மெகாஜூலை எங்காவது தொலைத்தாக வேண்டும். சுமார் 480 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. டீசல் பஸ்ஸில் அதை பிரேக்கும் இன்ஜினும் பங்கு போட்டுக்கொண்டு காற்றில் விடுகின்றன. பேட்டரி பஸ்ஸில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் பாதிக்கு மேல் திரும்பப் பேட்டரிக்கு அனுப்பிவிடும். நூற்றுக்கு 60 என்று குறைவாகவே வைத்தால்கூட 27 யூனிட். 91-இல் 27 போனால் 64. மின் நிலையம் வரை பின்னோக்கிப் போனால் சுமார் 60 கிலோ கரியமில வாயு.

82-க்கு எதிராக 60. நிலக்கரி மிகுந்த இந்திய மின்தொகுப்பிலேயே நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இறக்கத்தைச் சேர்த்ததால் மட்டும் வந்த மாற்றம் இது.

பேட்டரி செய்வதற்கு ஆகும் உமிழ்வை விட்டுவிட்டாயே என்று கேட்பவர்களுக்கு: சேர்க்கத்தான் வேண்டும், கிரீட்டிலும் வண்டியைச் செய்வதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 75 கிலோ என்று எடுத்தால், 200 யூனிட் பேட்டரிக்கு 15 டன். ஒரு நடைக்கு 20 கிலோ மிச்சம், நாளுக்கு இரண்டு நடை என்றால் ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் ஓடினால் அந்தக் கடன் தீர்ந்துவிடும். பஸ் அதற்கு மேல் பல வருஷம் ஓடும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, அதை யாரும் பேசிக் கேட்டதில்லை. ஊட்டியில் பேட்டரியை நூற்றுக்கு நூறு நிரப்பிவிட்டு பஸ்ஸை இறக்கினால், திரும்பி வரும் கரண்டை வைக்க இடம் இருக்காது. நிரம்பிய குடத்தில் எப்படி ஊற்றுவது? வண்டி பழையபடி பிரேக்கைத்தான் நம்பும். 200 யூனிட் பேட்டரியில் 27 யூனிட்டுக்கு, அதாவது ஏழில் ஒரு பங்குக்கு, காலி இடம் வைத்துத்தான் மலையில் இருந்து புறப்பட வேண்டும். எனவே சார்ஜ் நிலையம் அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில் இருப்பதே மேல். சுற்றுலாப் பயணிகளின் வசதிக்காக ஊட்டியில் விடுதிக்கு விடுதி சார்ஜர் வைத்து, ராத்திரி முழுக்க நிரப்பி, காலையில் முழுப் பேட்டரியோடு காரை இறக்கும் பழக்கம் இப்போதே வந்துகொண்டிருக்கிறது. எண்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று விடுதிக்காரர்கள் ஒரு அட்டை எழுதி வைத்தால் கரண்டும் மிச்சம், பிரேக்கும் பிழைக்கும்.

சரி, "நம்ம ஊரு கரண்ட் தண்ணியில வர்றது" என்றவரிடம் வருவோம். அவர் பெருமைப்படக் காரணம் இருக்கிறது. 1932-இல் பைகாராவில் மின் உற்பத்தி தொடங்கியது. பிறகு கொழும்புத் திட்டத்தில் கனடா நாட்டு உதவியோடு குந்தா அணைகளும் மின் நிலையங்களும் எழுந்தன. இந்த மலையின் மழை இல்லையென்றால் கோவையின் மில்கள் அவ்வளவு சீக்கிரம் சுழன்றிருக்காது. ஆனால் இன்று ஊட்டியில் ஒரு பிளக்கைச் செருகினால் வருவது குந்தாவின் கரண்ட் என்று சொல்ல முடியாது. 2013 டிசம்பர் கடைசி நாளில் தென்னகத் தொகுப்பும் நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்துவிட்டது. எல்லாம் ஒரே குளம்.

அதைவிட முக்கியம், அணைத் தண்ணீர் அளவோடுதான் இருக்கிறது. அதைச் சாயங்காலம் எல்லோரும் விளக்குப் போடும் நேரத்துக்காகப் பொத்தி வைத்திருப்பார்கள். நான் இரவு இரண்டு மணிக்குப் புதிதாக ஒரு பஸ்ஸைச் சார்ஜில் போட்டால், அதற்காக அணையைத் திறந்து கூடுதல் தண்ணீர் விட மாட்டார்கள். எங்கோ ஒரு அனல் மின் நிலையத்தில்தான் கொஞ்சம் கூட எரிப்பார்கள். நான் செருகியதால் கூடுதலாக எது எரிந்தது என்று கேட்பது ஒரு கணக்கு. மொத்தச் சராசரியில் என் பங்கு என்ன என்று கேட்பது வேறொரு கணக்கு. இரண்டையும் கலந்து பேசும்போதுதான் வீண் சண்டை வருகிறது.

நேரத்தையும் பருவத்தையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மாறும். தமிழ்நாட்டில் காற்றாலைகள் 10,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கின்றன. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் அவை இரவெல்லாம் சுழலும். சில சமயம் வாங்க ஆளில்லாமல் நிறுத்தி வைப்பதும் உண்டு. பங்குனி ராத்திரியில் அந்தக் காற்று கிடையாது. பங்குனியில் வெயில் இருக்கிறது, அதனால் மத்தியானம் சூரிய மின்சாரம் தாராளம். ஆகவே ஆடியில் நள்ளிரவிலும் பங்குனியில் உச்சிப்பொழுதிலும் சார்ஜ் செய்கிற பஸ்ஸின் உமிழ்வு, நான் மேலே போட்ட 60 கிலோவைவிட நன்றாகக் குறையும். பங்குனி சாயங்காலம் ஏழு மணிக்குச் செருகினால் கூடும். பஸ் அதேதான், டிரைவர் அவரேதான், தடமும் அதேதான். போர்த்திமந்து, எமரால்டு அணைகளுக்கு இடையே கட்டிவரும் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டம் முடிந்தால், பகல் வெயிலைத் தண்ணீராக மேலே ஏற்றி வைத்துச் சாயங்காலம் இறக்க முடியும். பஸ் செய்யும் அதே வேலையை மலையே செய்வது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த வண்டி பஸ் கிடையாது, கேரட் லாரி. கேத்தி பள்ளத்தாக்கில் பறித்த கேரட்டை இயந்திரத்தில் போட்டுக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறார்கள். லாரி எடை 6 டன், கேரட் 10 டன் என்று வைப்போம். 16 டன் இறங்குகிறது, 6 டன் ஏறுகிறது. பேட்டரி லாரியாக இருந்தால் இறங்கும்போது 37 யூனிட் சம்பாதிக்கும். காலியாக ஏற 47 யூனிட் வேண்டும். நிகரச் செலவு வெறும் 10 யூனிட். பேட்டரியின் எடையைச் சேர்த்தால் மூன்று நான்கு யூனிட் கூடலாம், அவ்வளவுதான். அதே வேலைக்கு டீசல் லாரி 13 லிட்டர் குடிக்கும். கிணற்றில் இருந்து கணக்கிட்டால் டீசலுக்கு 43 கிலோ, பேட்டரிக்கு 10, 12 கிலோ. சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்குப் பக்கத்தில் ஒரு குவாரியில் இப்படி ஒரு ராட்சத லாரி ஓடுகிறது. 65 டன் கல்லோடு இறங்கி, காலியாக ஏறி, தன் கரண்டைப் பெரும்பாலும் தானே சம்பாதித்துக்கொள்கிறது.

அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கேரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். பத்து டன் கேரட்டில் எட்டே முக்கால் டன் மழை. வெயில் கடலில் இருந்து தூக்கி, பருவக்காற்று சுமந்து வந்து, கேத்தியில் இறக்கிய தண்ணீர். குந்தாவில் குழாய் வழியாக இறங்கி டர்பைனைச் சுற்றும் அதே மழை, இங்கே மூட்டைக்குள் இருந்து லாரியின் மோட்டாரைச் சுற்றுகிறது. காய்கறி லாரிகளை மின்மயமாக்குவது இந்த மாவட்டத்தில் சுற்றுலா பஸ்களை மின்மயமாக்குவதைவிட முதலில் நடக்க வேண்டிய வேலை என்பது என் உறுதியான கருத்து. லாரிகள் மேலே வரும்போது அரிசியும் உரமும் சிமென்டும் ஏற்றி வருவதும் உண்டுதான். அப்போது லாபம் குறையும், போய்விடாது.

எத்தனாலையும் தொடாமல் போக முடியாது, ஏனென்றால் நம் பெட்ரோலில் இப்போது ஐந்தில் ஒரு பங்கு அதுதான். 2018 உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்கு வைத்த 20 சத இலக்கை முன்னால் இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று சொன்னது. மலையில் ஏறும்போது அது இன்னும் உறைக்கும் என்று பலர் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பல் நியாயம்தான் என்றாலும் மூலக் கேள்வி வேறு: அந்த எத்தனாலுக்கு எவ்வளவு உமிழ்வு எழுதுவது?

கரும்பு சர்க்கரையாகிறது, மிஞ்சும் மொலாசஸில் இருந்து எத்தனால் வருகிறது. மொலாசஸைக் கழிவு என்று எழுதினால் கரும்பு வயலின் உரம், தண்ணீர், பம்ப் செட் கரண்ட் எல்லாம் சர்க்கரையின் தலையில் விழும். எத்தனால் கிட்டத்தட்டக் கை கழுவிக்கொண்டு வந்துவிடும். விலை விகிதத்தில் பிரித்தால் எத்தனாலுக்கும் ஒரு பங்கு வரும். ஆற்றல் விகிதத்தில் பிரித்தால் இன்னொரு எண். வயலில் ஒன்றுமே மாறவில்லை, எழுதும் முறைதான் மாறியது. கிரீட் போன்ற கருவிகளில் ஆண்டுக்கணக்காக வாதம் நடப்பது இதைச் சுற்றித்தான்.

கரும்பை அரைத்து மொலாசஸ் எடுக்கும் வரை ஒரு கதை என்றால், எரிபொருளுக்காகவே மக்காச்சோளமும் அரிசியும் போடும்போது வேறு கதை. உணவுக்குப் போன நிலம் எரிபொருளுக்குப் போனால், அந்த உணவை விளைவிக்க எங்கோ ஒரு காடு அழியும் என்று 2008-இல் திமோதி சர்ச்சிங்கரும் அவர் கூட்டாளிகளும் எழுதினார்கள். அப்படிச் சேர்த்தால் அமெரிக்க மக்காச்சோள எத்தனால் முப்பது வருஷத்தில் பெட்ரோலைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு உமிழ்கிறது என்றது அவர்கள் கணக்கு. அடுத்த வருஷமே கலிபோர்னியா இந்த நில மாற்றத்துக்காக மெகாஜூலுக்கு 30 கிராம் என்று எழுதியது. 2015-இல் அதை 19.8 ஆகக் குறைத்தது. ஒரே எரிபொருள், ஒரே மாநிலம், ஆறு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு மாறிவிட்டது. இதைப் பார்த்து "எல்லாம் பொய்க் கணக்கு" என்று தூக்கிப் போடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நில மாற்றம் என்ற பத்தியையே விட்டுவிட்டவர்கள் அதற்குப் பூஜ்யம் என்று எழுதியவர்கள். 30-க்கும் 20-க்கும் இடையில் தடுமாறுவது பூஜ்யத்தைவிட உண்மைக்குப் பக்கம்.

நம் பக்கத்தில் இந்தக் கணக்கில் தண்ணீரும் சேரும். பைகாராதான் கீழே மாயாறாகிறது. குந்தாத் தண்ணீர் பில்லூர் வழியாகப் பவானியில் சேர்கிறது. இரண்டும் பவானிசாகரில் கூடி, சத்தியமங்கலம், கோபி வயல்களில் கரும்பை விளைவிக்கின்றன. மேலே மின்சாரம் கொடுத்த தண்ணீர் கீழே எத்தனாலாகி, பெட்ரோலோடு கலந்து, டேங்கரில் மறுபடியும் குன்னூருக்கு ஏறி வருகிறது. இந்த ஒரு சொட்டின் உழைப்பை யார் கணக்கில் எழுதுவது என்பதற்கு எந்த எக்செல்லும் தானாக விடை சொல்லாது. நாம்தான் உட்கார்ந்து பேசி எழுத வேண்டும்.

மலை ரயிலைப் பற்றியும் கேட்பார்கள். 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த இந்த ரயில், பன்னிரண்டரைக்கு ஒன்று என்ற செங்குத்தில் பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. குன்னூர் வரைக்கும் இழுப்பவை முன்பு நிலக்கரியையும் இப்போது பெரும்பாலும் எண்ணெயையும் எரிக்கும் நீராவி இன்ஜின்கள். நீராவி இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூட முழுசாகச் சக்கரத்துக்குக் கொடுப்பதில்லை. ஆனாலும் அந்த ரயில் அப்படியே ஓடட்டும் என்றுதான் சொல்வேன். மேட்டுப்பாளையத்தில் இருந்து நாளுக்கு ஒரு நடை, உலகப் பாரம்பரியச் சின்னம். திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதற்குப் புது இன்ஜின் செய்து கொடுக்கும் கைத்திறன் இன்னும் உயிரோடு இருக்கிறது. உமிழ்வைக் குறைக்க வேண்டிய இடம் அது இல்லை. கல்லாறு சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும் கார்கள்தான்.

அந்தக் கார்களுக்கு 2024 மே மாதத்தில் இருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வாங்குகிறார்கள். எத்தனை வண்டி வந்தது என்ற எண்ணிக்கை அதனால் தெளிவாகக் கிடைக்கிறது. ஒன்றரை டன் காரில் இரண்டு பேர் ஏறி வந்தால், உயரத்துக்கு மட்டும் ஆளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆகிறது. 12 டன் பஸ்ஸில் ஐம்பது பேர் வந்தால் ஆளுக்கு முன்னூற்று ஐம்பது மில்லிலிட்டர். எந்த எரிபொருள் என்ற கேள்விக்கு முன்னால் எத்தனை டன்னைத் தூக்குகிறோம் என்ற கேள்வி நிற்கிறது. இ-பாஸ் படிவத்தில் வண்டியின் எரிபொருள் வகையையும் உள்ளே எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கூட்டி வெளியிட்டால் மாவட்டத்தின் போக்குவரத்து உமிழ்வை ஒரு கல்லூரி மாணவர்கூடக் கணக்கிட்டுவிடலாம்.

பேட்டரி பஸ் வாங்கும்போது ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை எனக்குத் தெரிந்து மூன்றுதான். இறக்கத்தில் பேட்டரிக்குத் திரும்பிய யூனிட்டுகளை ஒவ்வொரு நடைக்கும் பதிவு செய்ய வேண்டும். எந்த மணியில் எத்தனை யூனிட் சார்ஜ் ஆனது என்பதைத் தனி மீட்டரில் எழுத வேண்டும். சார்ஜ் நிலையத்தை மேட்டுப்பாளையத்தில் வைக்க வேண்டும். ஊட்டியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் எண்பத்தைந்துக்கு மேல் ஏறாதபடி பூட்டு போட வேண்டும். இந்த எண்கள் ஒரு வருஷத்துக்குக் கிடைத்தால், நான் இங்கே அனுமானமாக வைத்த 60 சதத்துக்குப் பதிலாக நம் சாலையின் சொந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.